சீட்டை யார் எடுப்பது

என் கணவர் மின்விசிறியைத் துடைக்க ஸ்டூல் மேல் ஏறினார். துடைத்து முடித்த சந்தோஷத்தில், தான் ஸ்டூல் மேல் நிற்கிறோம் என்பதை மறந்து, தரையில் நடப்பதுபோல ஒரு எட்டு வைத்தார். வலது கணுக்காலில் எலும்பு விரிசல் விட்டுவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

அவர் சித்தூருக்கு வெளியே ஒரு மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் சூப்பர்வைசர். சீசன் முடிந்திருந்ததால் லீவு கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். கஷ்டம் எனக்குத்தான் வந்தது. நான் கங்காதர நெல்லூர் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் தமிழ் டீச்சர். கல்யாணமான நாளிலிருந்து பகலில் வீட்டில் இருந்து பழக்கமில்லாத அந்த மனிதர், முதல் வாரம் தினமும் ஐந்தாறு தடவை எனக்குப் போன் செய்தார். "கடுகு எந்த டப்பால கீது?" என்பார். அடுத்த போனில், "எதிர்வீட்டுப் பூனை நம்ம மாடியில தூங்கிக்கினு கீது, தெரியுமா உனக்கு?" என்பார். எனக்குத் தெரியாது. தெரிந்து நான் செய்யப்போவதும் ஒன்றுமில்லை. வகுப்பில் பிள்ளைகள் போன் அடித்தாலே "பூனை" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

எங்கள் மகள் திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். அங்கேயே ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்தவள் நிலைமையைப் பார்த்துவிட்டு, பையிலிருந்து ஒரு சின்ன பெட்டியை எடுத்து அப்பாவின் மடியில் வைத்தாள். அவளுடைய ரூம்மேட் ஆன்லைனில் வாங்கி, நான்கு நாள் விளையாடி, அலுத்துப்போய்க் கொடுத்ததாம். உள்ளே குறி பார்க்கிற எழுபத்தெட்டு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு படம்: ராஜா, ராணி, வாள், கிண்ணம், நிலா, நாய்.

"இது இன்னாது, டாரட்டா?"

"டாரோ, நைனா. கடைசில இருக்கற டி-யைச் சொல்லக்கூடாது."

"சொல்லக்கூடாதுன்னா எதுக்கு எழுதறாங்க?"

அதோடு எங்கள் வீட்டில் அது டாரட் என்றே நிலைத்துவிட்டது.

அந்த அட்டைகள் என்னைக் காப்பாற்றின. போன்கள் நின்றன. அவர் தெலுங்கில், தமிழில், புரியாத இந்தியில் எல்லாம் வீடியோ பார்த்தார். நான் திருத்தி முடித்த பழைய நோட்டு ஒன்றின் பின்பக்கத்தில் குறிப்பெழுதினார். காலையில் நான் கிளம்பும்போது எனக்காக ஒரு அட்டை எடுத்து வைத்திருப்பார். ஒரு நாள் மூன்று பெண்கள் கையில் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஆடுகிற அட்டை வந்தது.

"இன்னிக்கு உனக்கு ஒரே கொண்டாட்டம்."

"இன்னிக்கு எனக்கு ஸ்டாஃப் மீட்டிங்."

"அதான் சொல்றேன், மூணு பொம்பளைங்க."

இப்படி மூன்று வாரம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்குத் தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வு வந்தது. மூன்றாவது பீரியடில் செல்போனில் செய்தி பார்த்தேன். போட்டிருந்த ஊர் குப்பம். சித்தூரிலிருந்து பலமநேர் வழியாக பஸ்ஸில் மூன்று மணி நேரம். தினமும் போய்வர முடியாது. அங்கே ரூம் எடுத்துத் தங்கி, வாரக் கடைசியில் வீட்டுக்கு வர வேண்டும். பதினைந்து நாளுக்குள் போய்ச் சேரவேண்டும், அல்லது பதவி உயர்வே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். அவர் மாவுக்கட்டின் ஓரத்தைச் சொறிந்துகொண்டார்.

"நல்ல விஷயம்தான்," என்றார்.

அந்தத் 'தான்' என் காதில் தனியாக வந்து விழுந்தது. இருபத்து நான்கு வருடம் தமிழ் நடத்துகிறவளுக்கு அது விழாமல் இருக்குமா?

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் இன்னா? உன் இஷ்டம். எதுக்கும் சீட்டுல ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாம்."

உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்த நேரம் பதில் தெரியவில்லை. போகவேண்டும் என்று ஒரு பக்கம். காலொடிந்த மனிதரைக் கடுகு டப்பாவோடு விட்டுவிட்டு எப்படிப் போவது என்று ஒரு பக்கம். புத்தூர் பக்கம் என் பிறந்த ஊரில், முடிவு எடுக்க முடியாதபோது சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பார்ப்பார்கள். வந்தது வந்ததுதான். இரண்டாம் தடவை கேட்க முடியாது. இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து, "சரி, எடுங்க," என்று சொல்லிவிட்டேன்.

அவர் கலைத்து, மேலேயிருந்து ஒரு அட்டையை எடுத்தார். தேர் வந்தது. கிரீடம் வைத்த ஒருவன் தேரில் நிற்கிறான். முன்னால் கறுப்பாக ஒன்றும் வெள்ளையாக ஒன்றும் இரண்டு மிருகங்கள்.

"தேர்னா திருவிழா. ஊரோட இருந்தா நல்லது நடக்கும்னு அர்த்தம்," என்றார்.

பெட்டியோடு வந்த சின்னப் புத்தகத்தை நான் எடுத்துப் புரட்டினேன். பயணம், முன்னேற்றம், வெற்றி என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. அவர் அதை வாங்கிப் படித்தார். மூடிவைத்தார்.

"ஒரு சீட்டு பத்தாது. சாம்பிள் கம்மி."

மறுநாள் நான் பள்ளியிலிருந்து வரும்போது புது முறை கற்று வைத்திருந்தார். சீட்டுக்கட்டை இடது கையால் மூன்று குவியலாக வெட்டவேண்டும், இடது கையாலேயே ஒரு குவியலைத் தொடவேண்டும், அதன் மேல் அட்டைதான் பதில். இடது கைதான் மனசுக்குப் பக்கத்தில் இருக்கிறதாம். வெட்டினார், தொட்டார், திருப்பினார். ஒரு படகு. அதில் முக்காடு போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், பின்னால் ஒருவன் நின்றுகொண்டு துடுப்புப் போடுகிறான், படகில் ஆறு வாள்கள் குத்தி நிற்கின்றன.

"மீன் பிடிக்கப் போறாங்க," என்றார்.

"வாளை வெச்சிக்கினா?"

அட்டையைக் கவிழ்த்துவிட்டார். மூன்றாம் நாள் விசிறி முறை. எழுபத்தெட்டு அட்டைகளையும் கட்டில் மேல் அரை வட்டமாகப் பரப்பி, உள்ளங்கையை மேலே மெதுவாக நகர்த்திக்கொண்டு போகவேண்டும். எந்த அட்டை மேல் கை சூடாகிறதோ அதுதான் நமக்கானது. அட்டைகள் பறக்கக்கூடாது என்பதற்காக மின்விசிறியை நிறுத்திவிட்டார். சித்தூர் வெயிலில், ஃபேன் இல்லாத அறையில், எழுபத்தெட்டு அட்டை மேலும் அவர் கை சூடாக இருந்தது. அவர் சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது.

எதிர்வீட்டு அக்கா கறிவேப்பிலை கேட்க வந்தவர், ஏதோ பூஜை நடக்கிறது என்று நினைத்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு பயபக்தியோடு நின்றார். கடைசியில் இவர் ஒரு அட்டையை எடுத்துத் திருப்பினார். எட்டுக் கிண்ணங்களை அடுக்கி வைத்துவிட்டு, சிவப்புத் துணி போர்த்திய ஒருவன் கோலை ஊன்றிக்கொண்டு மலைப்பக்கம் நடந்து போகிறான்.

எதிர்வீட்டு அக்காவுக்குத் தெலுங்குதான். "அய்யோ, வெள்ளிப்போதுன்னாடு!" என்றார். போகிறானே என்று அவர் பதறியதைக் கேட்டு இவர் முகம் சுருங்கியது. ஃபேனைப் போட்டார். அட்டைகள் எல்லாம் பறந்தன. நானும் அக்காவும் கட்டிலுக்கு அடியில் குனிந்து பொறுக்கினோம்.

நான்காம் நாள் அட்டை தானாகக் குதிக்கிற முறை. நாம் எடுக்கவே கூடாது. கலைத்துக்கொண்டே இருக்கவேண்டும், எந்த அட்டை தானே வெளியே வந்து விழுகிறதோ அதுதான் பேசுகிற அட்டை. தொழிற்சாலையில் கூழ் டிரம் மூடியைத் திறந்து பழகிய முரட்டுக் கை அவருடையது. கலைக்கும்போது ஒரு அட்டை வருவதற்குப் பதில் ஒன்பது பத்தாக விழுந்தன. "இது கணக்குல இல்ல, இதுவும் இல்ல," என்று சொல்லிச் சொல்லி மறுபடி சேர்த்துக்கொண்டார். கடைசியாக ஒரே ஒரு அட்டை எகிறி, என் மோர் டம்ளருக்குள் செங்குத்தாக இறங்கியது. எடுத்துத் துடைத்துப் பார்த்தால், தோளில் மூட்டையை மாட்டிக்கொண்டு ஒரு இளவட்டம் ஊரைவிட்டுக் கிளம்புகிறான். பக்கத்தில் ஒரு நாய்.

"இவன் பேரே முட்டாள். இவன் சொல்றதையெல்லாம் எடுத்துக்கக்கூடாது," என்றார்.

ஐந்தாம் நாள்தான் அவருக்கு ஒரு பெரிய வழி கிடைத்தது. அட்டை தலைகீழாக வந்தால் பொருளும் தலைகீழாம். போ என்பது போகாதே ஆகிவிடும். அன்றைக்கு வந்தது குதிரை மேல் பாய்ந்து போகிற ஒரு வீரன். எனக்கு நேராகத்தான் இருந்தான்.

"எனக்குத் தலைகீழாக் கீறான்," என்றார் எதிரில் உட்கார்ந்திருந்த அவர்.

"நீங்க அந்தப் பக்கம் உக்காந்துக்கினு இருக்கீங்க. அதான்."

"சீட்டை எடுத்தது நானு. அப்போ என் பக்கம் பாத்துத்தான் சொல்லணும்."

"குப்பம் போறது நானு. அப்போ?"

அதற்குள் எனக்கு ஒரு விஷயம் புரிந்திருந்தது. இரவு அவர் தூங்கிய பிறகு சீட்டுக்கட்டு முழுவதையும் ஒருமுறை புரட்டிப் பார்த்திருந்தேன். குதிரையில் போகிறார்கள், படகில் போகிறார்கள், தேரில் போகிறார்கள், கோலூன்றி நடக்கிறார்கள். இந்தப் படங்களை வரைந்தவர்கள் யாரோ, வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் மேல் அவர்களுக்குப் பெரிய அக்கறை இல்லை. எந்த முறையில் எடுத்தாலும் யாராவது கிளம்பிக்கொண்டிருக்க நிறைய வாய்ப்பிருந்தது. இதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போகிற அட்டைகளை எல்லாம் ஓரமாக எடுத்து வைத்திருப்பார்.

எட்டாம் நாள் அவரே ஒரு முறையைக் கண்டுபிடித்தார். தொழிற்சாலையில் கூழ் டிரம்மில் சாம்பிள் எடுப்பது போலவே, மேலேயிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று. "வீடியோல பேசறவங்களுக்கு இது தெரியாது. முப்பது வருஷ அனுபவம்," என்றார். மூன்றையும் திருப்பினார். மேல் அட்டையில் குதிரை. அடி அட்டையில் குதிரை. நடு அட்டையில் ஒருவன் கப்பல்கள் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

"மறுபடி ஒரு தபா," என்று அட்டைகளைச் சேர்க்கத் தொடங்கினார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. "ஒண்ணு கேக்கறேன். ஒரு டிரம்மு டெஸ்ட்ல ஃபெயில் ஆயிட்சின்னா இன்னா பண்ணுவீங்க?"

"தனியா ஒதுக்கி வெச்சிடுவேன்."

"வேற கரண்டில எடுத்துப் பாக்க மாட்டீங்களா?"

"அது எப்டி? கரண்டியை மாத்தினா கூழ் மாறிடுமா?"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது. கையிலிருந்த அட்டைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எல்லாவற்றையும் பெட்டிக்குள் போட்டு மூடினார். அந்த விஷயத்தில் அவர் கறாரான மனிதர். பாஸ் போட்டுவிடு என்று மேலே இருந்து யார் சொன்னாலும் போடமாட்டார். அதனாலேயே இரண்டு தடவை அவருடைய பதவி உயர்வு தள்ளிப்போனது.

இரண்டு நாள் பெட்டியைத் தொடவில்லை. மூன்றாம் நாள் காலையில் காபி குடித்துக்கொண்டே, "வெளி லேப்ல குடுத்துப் பாத்துடலாம்," என்றார். சந்தேகம் வரும் சாம்பிளை வேறு ஊர் லேபுக்கு அனுப்பி அவர்கள் சொல்வதை ஏற்றுக்கொள்வது தொழிற்சாலை வழக்கம். திருப்பதியில் சீட்டுப் பார்க்கிற ஒரு அம்மா இருப்பதாக மகள் சொல்லியிருந்தாளாம். அடுத்த நாள்தான் மாவுக்கட்டுப் பிரிக்க மகள் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியிருந்தது. ஒரே பயணத்தில் இரண்டு வேலை.

வாடகைக் காரில் போனோம். கட்டைப் பிரித்ததும் அவர் கால் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. "இது யாரோட காலு?" என்று டாக்டரிடமே கேட்டார். மெலிந்து வெளுத்திருந்தது. ஊன்றுகோலோடு நடக்கச் சொன்னார்கள்.

சீட்டுப் பார்க்கிற அம்மாவின் வீடு, ஒரு டிபன் கடைக்கு மேலே முதல் மாடியில். லிஃப்ட் கிடையாது. மகள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் அவர் ஒவ்வொரு படியாக ஏறினார். பாதியில் நின்று, கீழேயிருந்து வந்த நெய் வாசனையை முகர்ந்து, "முடிச்சிட்டு இங்க தோசை துன்னுட்டுப் போலாம்," என்றார்.

அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். காட்டன் புடவை, மூக்கின் நுனியில் கண்ணாடி. கறுப்பு உடையையும் புகைமூட்டத்தையும் எதிர்பார்த்திருந்த எனக்கு, எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சரைப் பார்த்ததுபோல இருந்தது. "ரண்டி, கூர்ச்சோண்டி," என்று நாற்காலிகளைக் காட்டினார். நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டதும் தமிழுக்கு மாறிக்கொண்டார்.

மேசையில் சிவப்புத் துணி விரித்து, அட்டைகளைக் கவிழ்த்துப் பரப்பினார். என் கணவர் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு முன்னால் நகர்ந்தார்.

"இருங்க சார். க்வெஸ்சன் யாருது?"

"என்னுது. இவங்க குப்பம் போகலாமா, கூடாதான்னு."

"ஜாப் யாருது?"

"இவங்களுது."

"ஊரு போறது?"

"இவங்கதான்."

"அப்போ சீட்டு எடுக்கறது மட்டும் நீங்களா?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். என் கணவர் மடக்கிய சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டார். எட்டு நாளாக, இடது கை, விசிறி, குதிக்கிற அட்டை, நடு அட்டை என்று எல்லா முறையிலும் அவர்தான் எடுத்தார். எங்கள் இரண்டு பேருக்குமே அது தோன்றவில்லை. அவர் எடுத்தார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை.

"நீங்க எடுங்கம்மா," என்றார் அந்த அம்மா.

"இடது கையாலயா?"

"எந்தக் கையானாலும் பர்வாலேது."

கையை நீட்டினேன். நீட்டிய கை அட்டைகளுக்கு மேலேயே நின்றது. ஏதோ ஒன்றை எடுத்து, அது என்ன சொல்லுமோ என்று பயந்து, பிறகு அதற்கு ஒரு அர்த்தம் தேடி... வேண்டாம் என்று இருந்தது.

"பாத்து எடுக்கலாமா?" என்று கேட்டேன்.

"அய்யோ, அது காப்பி அடிக்கற மாதிரி!" என்றார் என் கணவர்.

அந்த அம்மா சிரித்தார். "அதுவும் ஒரு முறைதான் சார். படத்தைப் பாத்து, நமக்கு வேணுங்கறதை நாமளே எடுக்கறது. நெறைய பேருக்கு அதுக்கு தைரியம் வராது." அட்டைகளை எல்லாம் சேர்த்து, முகம் மேலே இருக்கும்படி திருப்பி என் கையில் கொடுத்தார்.

புடவைக் கடையில் உட்கார்ந்தது போல ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். யாரும் அவசரப்படுத்தவில்லை. தேர் வந்தது, தள்ளி வைத்தேன். படகை வைத்துவிட்டேன். மோரில் விழுந்தவனையும் வைத்துவிட்டேன். கடைசியில் ஒரு அட்டையில் என் கை நின்றது. திராட்சைத் தோட்டத்தில் ஒரு பெண் தனியாக நிற்கிறாள். பூப்போட்ட நீளமான அங்கி. கையில் ஒரு பறவை. அவள் எங்கேயும் ஓடிக்கொண்டிருக்கவில்லை. தன் வேலையை முடித்துவிட்டுத் தன் இடத்தில் நிற்கிற முகம்.

"இதான்," என்றேன்.

"ஏன்மா இது?" என்றாள் மகள்.

"இந்தம்மாகிட்ட யாரும் காபி கேக்கல."

மகளும் அந்த அம்மாவும் சிரித்தார்கள். இவர் சிரிக்கக் கொஞ்சம் நேரமானது, ஆனால் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிட்டேன்: "நான் குப்பம் போறேன்."

அட்டை சொல்லித்தான் தெரிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாயைத் திறந்து அதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

என் கணவர் அட்டைக் கட்டை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். "நானும் பாத்து எடுக்கலாமா?" என்று அந்த அம்மாவைக் கேட்டுவிட்டுப் புரட்டினார். சீக்கிரமே எடுத்துவிட்டார். கல் மேடை மேல் ஒருவன் கைகூப்பியபடி மல்லாந்து கிடக்கிறான்.

"ஒன்றரை மாசமா நான் இப்டித்தான் கீறேன்," என்றார். எல்லோரும் மறுபடி சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அட்டையைப் பார்த்தபடியே பேசினார். "போவாதேன்னு என் வாயால சொல்ல மனசு வரல. நான் சொன்னா நீ நின்னுடுவே. எனக்குத் தெரியும். அதான், சீட்டு சொல்லட்டும்னு பாத்தேன். நீ பஸ் ஏறிட்டா அந்த வீட்ல பேச்சுச் சத்தமே இருக்காது. அதை நெனச்சா ஒரு மாதிரி இருந்துச்சி."

அவர் சொன்னது சரி. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நின்றிருப்பேன், நின்றுவிட்டு வருஷக்கணக்கில் அதைச் சொல்லிக்காட்டியும் இருப்பேன்.

"நைனா, அழறியா?"

"கால் வலிக்குது."

கீழே இறங்கித் தோசை சாப்பிட்டோம். நெய் ரோஸ்ட் இரண்டு சாப்பிட்ட பிறகு கால் வலி குறைந்துவிட்டதாகச் சொன்னார்.

பதினான்காம் நாள் குப்பத்தில் போய்ச் சேர்ந்தேன். ஸ்டாஃப் ரூமில் ஒரே வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் வளைத்து, கன்னடத்தில் முடிக்கிறார்கள். முதல் நாள் எதற்குத் தலையாட்டினேன் என்று எனக்கே தெரியாது. மறுநாள்தான் தெரிந்தது, வருகிற விழாவில் பாட ஒப்புக்கொண்டிருக்கிறேன் என்று. பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கன்னடக் குடும்பத்தின் வீட்டு மாடியில் ரூம் கிடைத்தது. சாயங்காலம் தனியாக உட்கார்ந்து காபி குடித்தேன். நன்றாகவே இருந்தது. அப்புறம் கொஞ்சம் அழுகை வந்தது. அதுவும் நன்றாகவே இருந்தது.

முதல் சனிக்கிழமை நான் ஊருக்குக் கிளம்பப் பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது, வாசலில் அவர் நிற்கிறார். ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கையில் சின்ன குக்கர்.

"நீ ஏன் வரணும்? எனக்கு இன்னும் லீவு கீது, நானே வந்துட்டேன். ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறிடுவேன்," என்றார்.

வந்ததும் ஜன்னல் கொக்கி லூஸாக இருப்பதைக் கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சொந்தக்காரர் ஸ்க்ரூடிரைவர் கொண்டுவந்தார். அவருக்குக் கொஞ்சம் மாந்தோப்பு இருந்தது. இவருக்குக் கன்னடம் தெரியாது, அவருக்குத் தமிழ் ஒரு மாதிரி. இரண்டு பேரும் மாடிப்படியில் உட்கார்ந்து மாம்பழத்தில் தோத்தாபுரி உசத்தியா நீலம் உசத்தியா என்று மூன்று மணி நேரம் பேசினார்கள். சாயங்கால பஸ் போய்விட்டது. திங்கட்கிழமை தோப்பைப் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், போகாமல் இருந்தால் மரியாதை இல்லை என்றார்.

செவ்வாய்க்கிழமை காலையில் நானே பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய் ஏற்றிவிட்டேன்.